ரிங்மாஸ்டர் கிட்: இறக்கை தங்கம், மூக்கு தகரம்

என் மாடல் விமானத்தின் மூக்கை மறுபடி ஒட்டியாகிவிட்டது. எபாக்ஸி இறுகுவதற்குள், "ரிங்மாஸ்டர் வாங்கலாமா?" என்று கேட்கிற நண்பர்களுக்குப் பதில் எழுதிவிடுகிறேன். ரிங்மாஸ்டர், இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் மாடல் விமானம். 42 அங்குல இறக்கை, 19 முதல் 35 வரை (கன அங்குலத்தில் நூறில் இத்தனை பங்கு) எஞ்சின், தட்டை உடல், 1950-ல் மாட் கானியா வரைந்தது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. பேச்சு, அந்த வரைபடத்தை லேசரில் வெட்டி இன்று விற்கும் கிட்டை, அதாவது நாமே ஒட்டிக் கட்டும் தொகுப்பைப் பற்றி. மெத்தனாலில் ஓடும் 25 அளவு க்ளோ எஞ்சின், 60 அடிக் கம்பி, வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீசுகிற உப்புக் காற்று. இந்த மூன்றோடும் நீண்ட நாள் பழகிய பிறகு சொல்வது.

இறக்கையைப் பற்றிக் குறையே கிடையாது. ரிப்கள் (இறக்கையின் விலா எலும்புகள்) ஸ்பாரில் (நெடுக ஓடும் கட்டை) தட்டாமல் போய் உட்காருகின்றன. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டை) இல்லை, அதனால் கீல் வேலை பாதி, கம்பிகள் வந்து கோக்கும் பெல்கிராங்க் என்ற ஆடுதகட்டிலிருந்து வாலில் அசையும் எலிவேட்டருக்கு ஒரே புஷ்ராட் (தள்ளுகம்பி). 800 கிராமுக்குள் முடித்தால் லூப் (மேலே போய்த் தலைகீழாகிச் சுற்றி வருவது) வட்டமாக விழும், தலைகீழாகவும் பதற்றமில்லாமல் ஓடும். எஞ்சின் நின்ற பிறகு அரைச் சுற்றாவது மிதந்து வந்து இறங்கும். ஃபிளாப் வைத்த பெரிய ஸ்டண்ட் மாடல்களின் சதுரத் திருப்பம் இதில் வராது; அதை எதிர்பார்க்கவும் கூடாது. கிட்டில் வரும் 2 அங்குல பெல்கிராங்கை மட்டும் ஒதுக்கிவிட்டு 3 அங்குலம் போடுங்கள். கையசைவுக்கு எலிவேட்டர் வெடுக்கென்று துள்ளாது. பெல்கிராங்கைப் பிடிக்கும் போல்ட்டுக்கு நைலாக் நட் (தானாகக் கழலாத நட்) கட்டாயம். இறக்கையை மூடிய பிறகு அங்கே கை போகாது.

இனி மூக்கு. இந்தக் கிட்டின் மேல் வரும் கோபமெல்லாம் இந்த ஒரு சாண் மரத்தின் மேல்தான். உடல், மிக லேசான பால்சா மரத்தில் அரை அங்குலப் பலகை. எஞ்சின் உட்காரும் இரண்டு கட்டைகளும் இறக்கையின் முன்விளிம்புக்கு நேராக, ஒரே கோட்டில் முடிகின்றன. கெட்டியான மரம் முடிந்து மெத்தென்ற மரம் தொடங்கும் அந்தக் கோட்டில்தான் ஒவ்வொரு முரட்டு இறக்கமும் முறிக்கிறது. போதாக்குறைக்கு முன்பாகத்துக்கு நகம் பட்டாலே பள்ளம் விழுகிற மெத்தென்ற பலகை, வாலுக்குக் கனமான பலகை. இது தலைகீழ். வால் கனத்தால் பின்னுக்குப் போன சமநிலைப் புள்ளியைச் சரிசெய்ய மூக்கில் ஈயம் வைக்க வேண்டிவரும். அந்த ஈயமும் அதே பலவீனமான இடத்தில்தான் தொங்கும்.

முறிவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை அதிர்வு. மெல்லிய மூக்கு எஞ்சினோடு சேர்ந்து நடுங்கும். டாங்க்கில் எரிபொருள் நுரைக்கும். குழாயில் காற்றுக் குமிழி போகும். லூப்பின் உச்சியில் எஞ்சின் திடீரென்று எரிபொருள் போதாமல் லீன் ஆகி அலறும், அல்லது அணையும். எரிபொருள் அளவை மாற்றும் நீடிலைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். டாங்க்குக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ. ஸ்பாஞ்ச் வைத்தால் நுரை பாதியாகக் குறையும். மீதியைக் குறைக்க மூக்கையே கெட்டியாக்க வேண்டும்.

அதைக் கட்டும்போதே செய்யுங்கள். கிட்டின் கட்டைகளை ஒதுக்கிவிட்டு நீளமான கெட்டி மரத்தில் வெட்டுங்கள். ஒன்று முன்விளிம்பைத் தாண்டி 5 செ.மீ., மற்றது 8 செ.மீ.; இரண்டும் ஒரே கோட்டில் முடியக் கூடாது. இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. பிளை (பிளைவுட்), இறக்கை அகலத்தின் பாதி வரை. பிளையின் பின்விளிம்பைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் முறிவுக் கோடு அங்கே குடிபோய்விடும். 30 நிமிட எபாக்ஸிதான். 5 நிமிடத்தது மரத்துக்குள் இறங்குவதற்கு முன்பே இறுகிவிடும். எஞ்சினைப் போல்ட்டில் மாட்டும் காதுகளுக்கு அடியில் அலுமினியத் தகடு, மண்ணடியில் கிடைக்கிற 3 மி.மீ. ஸ்டீல் போல்ட். கடைசியாக, மெல்லிய எபாக்ஸியைப் போல்ட் துளைகளுக்குள்ளும் விட்டு மரத்தை அடைத்துவிடுங்கள்.

அடைக்காவிட்டால் எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் ஊறும். ஊறிய பால்சாவில் எந்தப் பசையும் நிற்காது. பழுது பார்க்கும்போது முறிந்த முனைகளை அப்படியே சேர்த்து ஒட்டுவது வீண் வேலை. கறுத்த மரத்தை முழுக்க வெட்டி எறியுங்கள். மீதியைத் தின்னரில் துடைத்து, டால்கம் பவுடர் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டு, மறுபடி துடையுங்கள். அரை அங்குலப் பலகைக்குக் குறைந்தது 3 அங்குலச் சாய்வில் புது மரம் சேர்த்து, மேலே பிளை.

டாங்க் உயரம் தனிக்கதை. நேராக ஓடும்போதும் தலைகீழாக ஓடும்போதும் ஒரு சுற்றின் நேரத்தைப் பாருங்கள். தலைகீழில் வேகம் கூடினால் டாங்க்கை இறக்குங்கள், நேரில் கூடினால் ஏற்றுங்கள், ஒரு தடவைக்கு 1.5 மி.மீ. மட்டும். சுற்றுக்கு 5 விநாடிக்குச் சற்று மேலே இருந்தால் இந்த இறக்கைக்குப் போதும்.

இறக்கையை மூடும் காகிதத்தை இறுக்கப் பூசுவது டோப். கடலோரக்காரர்கள் டோப் விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் டோப் அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளை பூக்கும். வெயில் ஏறிய வறண்ட நாளில் தின்னரை மட்டும் லேசாக அடித்தால் தெளியும். டோப்பில் சில சொட்டு விளக்கெண்ணெய் கலந்தால் காகிதம் பிற்பாடு இழுத்து இறக்கையை முறுக்காது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரை மேல்பூச்சாக விட்டுவிடாதீர்கள், மெத்தனால் அதைக் கரைத்துவிடும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கிற டூ-கே கிளியர் (இரண்டு பாகம் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) மேலே வேண்டும்.

மெத்தனால் தமிழ்நாட்டில் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு. குடித்தால் பார்வையையும் உயிரையும் பறிக்கும் விஷம். முறையான வழியில் எரிபொருள் கிடைப்பவர்கள் மட்டும் க்ளோ எஞ்சின் பக்கம் வாருங்கள். 80 பங்கு மெத்தனால், 20 பங்கு வாசனை சேர்க்காத விளக்கெண்ணெய். கேனை நிரப்பி இறுக மூடுங்கள், காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு மின்மோட்டார் நல்லது. நுரையும் இல்லை, எண்ணெயும் இல்லை. மூக்கின் பாவம் பாதி தீரும்.

கம்பியைப் பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். 800 கிராம் மாடல் சுற்றுக்கு 5 விநாடியில் ஓடும்போது கைப்பிடியில் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ இழுவை. பறப்பதற்கு முன் 8 கிலோ இழுத்துச் சோதியுங்கள், மணிக்கட்டில் பாதுகாப்பு வார் மாட்டுங்கள். லூப் போடப் போடக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொள்ளும். சுத்தமான கம்பி வழுக்கும், உப்பும் புழுதியும் ஒட்டினது பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் துணியால் துடைத்துத்தான் சுற்றிவைக்க வேண்டும். ஒரு இடத்தில் மடிந்துவிட்டால் அந்தக் கம்பி குப்பைக்கு.

இடம்? 50 மீட்டர் அகலம் காலியாக வேண்டும், மின்கம்பி அதற்கும் 50 மீட்டர் அப்பால் இருக்க வேண்டும். இரும்புக் கம்பி மின்சாரத்தைத் தொட்டால் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. தண்டையார்பேட்டைப் பக்கம் அப்படி ஒரு மைதானம் கிடைத்தாலும், கடற்காற்று ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். காத்தாடி ஏறியிருக்கும் வானத்தில் வேண்டவே வேண்டாம். தடை இருந்தும் மாஞ்சா விடுகிறார்கள். அது கம்பியில் சிக்கினால் எலிவேட்டர் கையை விட்டுப் போய்விடும்.

இவ்வளவு நன்றாகப் பறக்கிற மாடல். ஆனாலும் முழுக் கிட்டை வாங்கச் சொல்ல இன்றைக்கு மனம் வரவில்லை. மூக்குக்கு மரம், கட்டை, பிளை, பெல்கிராங்க் எல்லாவற்றையும் வெளியில் வாங்கிவிட்டு, மிச்சத்துக்கு முழு விலை ஏன் கொடுக்க வேண்டும்? ரிப் தொகுப்பும் வரைபடமும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். பலகை வாங்கப் போகும்போது சின்னத் தராசு கொண்டுபோங்கள். ஒரே அளவுள்ள பலகைகளில் கனமானது மூக்குக்கு, லேசானது வாலுக்கு.