ஆர்8: பெயரைக் கோத்து அழைத்தால் மெத்தட் மிஞ்சாது

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்காக நான் எழுதிய எடைச்சீட்டுச் செயலியின் வெளியீட்டுப் பதிப்பைச் சுருக்க, பயன்படாத நிரலை நீக்கும் ஆர்8 கருவியைச் சில பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். செயலியைக் கட்டமைக்கும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகினில் 2019 முதல் புரோகார்டு என்ற பழைய சுருக்கக் கருவியின் இடத்தில் இயல்பாக இயங்குவது இதுவே. எவற்றை நீக்கக் கூடாது எனச் சொல்லும் விதிகளை எழுதும் முறை பழையதே. வேகத்திலும் அளவைக் குறைப்பதிலும் எனக்குக் குறையில்லை.

என் செயலியில் அல்போன்சா, நீலம், கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா என ஒவ்வொரு ரகத்துக்கும் கழிவு கணக்கிடத் தனி கிளாஸ் (நிரலின் ஒரு தனி அலகு) உண்டு. சர்வரிலிருந்து வரும் ரகக் குறியீட்டைக் கொண்டு கிளாஸின் பெயரை ஓடும்போதே கோத்து, ரிஃப்ளெக்‌ஷன் (பெயரைக் கொண்டே கிளாஸைத் தேடி இயக்கும் வசதி) வழியாக அதை உருவாக்குகிறேன். நிரலில் தெரியும் அழைப்புகளைத் தொடர்ந்து சென்று, அவற்றால் எட்டப்படாத கிளாஸ்களையும் அவற்றுக்குள் உள்ள செயல்களான மெத்தட்களையும் நீக்குவதே ஆர்8-இன் வேலை. முழுமையாக எழுதிவைத்த பெயர்கள் சிலவற்றை அது அடையாளம் காணும். கோத்தெடுக்கும் பெயரை அறிய அதற்கு வழியில்லை. சோதனைக்கான டீபக் பதிப்பில் சுருக்கம் நடக்காததால் என் மேசையில் எல்லாம் சரியாக ஓடியது. மண்டியில் முதல் லோடு பெங்களூராவைப் பதிந்ததும் செயலி மூடிக்கொண்டது. விதி எழுதாதது என் பிழைதான்.

அவசரத்தில் செயலி முழுவதற்கும் கீப் விதி (நீக்காதே எனும் விதி) போட்டேன். கோளாறோடு சுருக்கமும் நின்றுபோனது. பின்னர் ரகக் கிளாஸ்களுக்குப் பொதுவான இன்டர்ஃபேஸை (அவை எல்லாம் பின்பற்றும் வரையறையை) மட்டும் குறித்து விதியைத் திருத்தினேன். பிளகினை 8.0க்கு உயர்த்தியபோது அதே இடத்தில் மீண்டும் விழுந்தது. அப்பதிப்பில் ஆர்8-இன் முழுமுறை (இன்னும் கடுமையாக நீக்கும் முறை) இயல்பாகிவிட்டது. கிளாஸைக் காத்தால் அதன் வெற்றுக் கன்ஸ்ட்ரக்டரும் (எந்த மதிப்பும் பெறாமல் கிளாஸை உருவாக்கும் பகுதி) தானாகத் தப்பும் என்ற பழைய சலுகை அதில் இல்லை. அதையும் விதியின் அடைப்புக்குள் எழுதிய பிறகே செயலி நிலைத்தது. கிளாஸின் உறுப்புகளை மட்டும் காக்கும் கீப்கிளாஸ்மெம்பர்ஸ் விதியை நம்புவோர், கிளாஸே நீக்கப்பட்டால் அவ்விதி எதையும் காக்காது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

நீக்கியவற்றையெல்லாம் பட்டியலிடும் யூசேஜ் கோப்பு மிகப் பயனுள்ளது. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ரகக் கிளாஸ்களின் பெயரை அதில் தேடிப் பார்த்த பிறகே மண்டிக்கு அனுப்புகிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பெயரைக் கோத்து அழைக்கும் இத்தகைய அழைப்புகளைக் கண்டால் பழைய புரோகார்டு ஒரு குறிப்பாவது அச்சிடும். ஆர்8 மௌனமாகவே பில்டை முடித்துவிடுகிறது.