டென்மார்க்கின் ரிசர்வ் படை: ஒப்பந்த வீரரா, ஊர்க்காவலரா, பயிற்சி முடித்த இளைஞரா?

நான்கு வேலைகளை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில் அமெரிக்கக் கவச வாகனங்கள் கப்பலிலிருந்து இறங்குகின்றன. சில நாட்களுக்கு வாயில்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் காவல் வேண்டும். கொசோவோவிலுள்ள டேனிஷ் முகாமின் வாசலுக்கு ஆறு மாதம் இரவு பகலாகக் காவல் வேண்டும். ஒரு கள மருத்துவமனைக்கு இரண்டு மாதத்துக்கு மயக்க மருத்துவர் ஒருவர் வேண்டும். லாட்வியாவுக்குப் போகும் பட்டாலியனில் (பல கம்பெனிகள் சேர்ந்த படை) 120 பேர் கொண்ட காலாட்படைக் கம்பெனி ஒன்று குறைகிறது. நான்குக்குமே "ரிசர்விலிருந்து ஆள் எடுங்கள்" என்று சொல்லிவிடலாம். முழுநேர ராணுவத்தில் இல்லாமல், தேவைப்படும்போது அழைக்கப்படுபவர்களே ரிசர்வ். ஆனால் அந்தச் சொல்லுக்குள் டென்மார்க்கில் மூன்று வெவ்வேறு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் சிறப்பாகச் செய்வதை மற்றவரால் செய்ய முடியாது.

முதல் வகை, ஒப்பந்த ரிசர்வ். முழுநேர ராணுவத்திலோ கட்டாயச் சேவையிலோ இருந்து வெளியே வந்து, அழைத்தால் வருவேன் என்று கையெழுத்திட்டவர்கள். அதிகாரிகள், மருத்துவர்கள், பொறியாளர்கள், லாரி ஓட்டுநர்கள் என எல்லோரும் இதில் உண்டு. இரண்டாவது, 'யெம்மவேர்னெட்' என்னும் ஊர்க்காவல் படை. தமிழ்நாட்டில் ஊர்க்காவல் படை என்றால் காவல் துறைக்குத் துணை நிற்பவர்கள். டென்மார்க்கில் அது ராணுவத்தின் ஒரு பிரிவு. துப்பாக்கி, சீருடை, சொந்தப் படகுகள் எல்லாம் அதற்கு உண்டு. மூன்றாவது, கட்டாயச் சேவையை முடித்து வீட்டுக்குப் போன இளைஞர் கூட்டம். எண்ணிக்கையில் மிகப் பெரியது இதுதான். இதுவரை மிகக் குறைவாகப் பயன்பட்டதும் இதுதான்.

வெளிநாட்டுப் பணியில் ரிசர்வ் முதுகெலும்பாக இருந்த காலம்

டென்மார்க் 1964 முதல் 1992 வரை சைப்ரஸில் ஐ.நா. அமைதிப்படைக்கு ஆள் அனுப்பியது. போனவர்களில் பெரும்பாலானோர் கட்டாயச் சேவை முடித்து, ஐ.நா. பணிக்கென்று தனியாகக் கையெழுத்திட்ட தன்னார்வலர்கள். பனிப்போர் முடிந்ததும் அதே யோசனையைப் பெரிதாக்கி, 1990களின் நடுவில் டேனிஷ் சர்வதேச பிரிகேடை (பல பட்டாலியன்கள் சேர்ந்த படை) அமைத்தார்கள். சுமார் 4,500 பேர்; பெரும்பகுதி ஒப்பந்த ரிசர்வ் வீரர்கள். அடிப்படைச் சேவைக்குப் பிறகு கூடுதல் பயிற்சி பெற்று, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அழைப்புக்குத் தயாராக இருப்பதாக ஒப்புக்கொண்டவர்கள். போஸ்னியாவில் நார்டிக்–போலந்து பிரிகேடின் கீழ் டொபோய் பகுதியிலும், 1999க்குப் பிறகு கொசோவோவின் மித்ரோவிட்சா பக்கமும் டேனிஷ் பட்டாலியன்கள் நின்றதற்கு இந்த முறை கைகொடுத்தது.

அது வேலை செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. அன்று பணிக்கு முன் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில், பட்டாலியனைக் கூட்டிவைத்துப் பயிற்சி தர நேரம் இருந்தது. எப்போது போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும். வாகனங்களும் பெரும்பாலும் அவர்கள் சேவைக் காலத்தில் ஓட்டிய எம்113 கவச வாகன வகைதான். ஆட்கள் பழையவர்கள், கருவியும் பழையது, கால அவகாசமும் தாராளம்.

2004இல் டேனிஷ் நாடாளுமன்றக் கட்சிகள் செய்த பாதுகாப்பு உடன்படிக்கை இந்த மூன்றையும் கலைத்தது. போர் வந்தால் நாடு முழுவதும் ஆள் கூட்டும் பெரிய அணிதிரட்டல் படை கைவிடப்பட்டது. கட்டாயச் சேவை பெரும்பாலோருக்கு நான்கு மாதமாகச் சுருங்கியது. அதற்கு மேல் விருப்பப்பட்டவர்களுக்கு எட்டு மாத எதிர்வினைப் படைப் பயிற்சி, பிறகு ஆறு மாத வெளிநாட்டுப் பணி: நான்கு, எட்டு, ஆறு என்ற 18 மாத ஓட்டம். இராக்கின் பஸ்ரா பகுதிக்கும் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டுக்கும் போன கம்பெனிகளில் இருபது, இருபத்தோரு வயது இளைஞர்கள் அத்தனை பேர் இருந்ததற்கு இந்த ஓட்டமே காரணம். ஹெல்மண்ட் போன்ற கடும் சண்டைக்கு, வருடத்தில் சில நாள் மட்டும் துப்பாக்கி தொடும் ரிசர்வ் கம்பெனியை அனுப்பியிருக்க முடியாது. அந்த முடிவு சரியானதே. ஆனால் பணி முடித்து வெளியேறிய அனுபவசாலிகளைப் பெயர், முகவரி, பதவி என்று கட்டிக்காக்கும் ஏற்பாட்டை அதே வேகத்தில் வளர்க்காமல் விட்டதுதான் பெரிய இழப்பு.

ஒப்பந்த ரிசர்வ்: தனியாளாகப் பலம், கூட்டமாகப் பலவீனம்

மயக்க மருத்துவர் கதைக்கு வருவோம். ராணுவத்தில் முழுநேரம் உட்கார்ந்திருக்கும் மயக்க மருத்துவரின் கை துருப்பிடிக்கும். ஓர்ஹூஸ், ஓடென்சே போன்ற டேனிஷ் நகரங்களில் தினமும் அறுவை அரங்கில் நிற்பவரின் கை கூர்மையாகவே இருக்கும். ஹெல்மண்டின் கேம்ப் பாஸ்டியன் மருத்துவமனையில் பிரிட்டிஷாருடன் டேனிஷ் மருத்துவக் குழுக்கள் பணியாற்றியபோது இந்த வேறுபாடு நேரடியாக உதவியது. சிவில் அதிகாரிகளோடும் ஊர்ப் பெரியவர்களோடும் பேசி வேலை நடத்தும் சிவில்–ராணுவ ஒத்துழைப்புப் பிரிவும் அப்படித்தான். தண்ணீர்க் குழாய்த் திட்டத்தை மதிப்பிட, வாழ்நாளெல்லாம் குழாய் போட்ட நகராட்சிப் பொறியாளரை விடச் சிறந்த ஆள் கிடையாது. தலைமையகத்தில் காலியாகும் அதிகாரி நாற்காலியை ஆறு மாதத்துக்கு நிரப்பவும் ரிசர்வ் அதிகாரியே பொருத்தம்.

இதே முறையில் 120 பேர் கம்பெனியைச் சேர்க்கப் பார்த்தால் சிக்கல் தொடங்கும். மருத்துவத் தகுதி காலாவதியானவர் சிலர். பாதுகாப்புச் சரிபார்ப்பின் காலம் முடிந்துபோனவர் சிலர். உடல் தகுதித் தேர்வில் தவறுபவர் சிலர். முதலாளி விடுப்புத் தராதவர் சிலர். ஒவ்வொரு வடிகட்டலிலும் சிலர் கழிய, மிஞ்சுபவர்கள் ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள்.

இன்னொரு தடை கருவி மாற்றம். 1990களின் தொடக்கத்தில் சேவை செய்தவர் கையில் இருந்தது 7.62 மி.மீ. எம்/75 துப்பாக்கி. அடுத்து வந்தவர்களுக்கு 5.56 மி.மீ. எம்/95, அதற்கடுத்து எம்/10. துப்பாக்கியை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பீரங்கி அப்படியல்ல. எம்109 பீரங்கியில் தேர்ந்தவருக்குப் பின் சீசர் வந்தது; 2023இல் டென்மார்க் தன்னிடமிருந்த 19 சீசர் பீரங்கிகளையும் உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டு அட்மோஸ் பீரங்கிகளையும் பல்ஸ் ராக்கெட் ஏவிகளையும் வாங்கியது. எம்113 கவச வாகனத்துக்குப் பதில் பிரானா 5 வந்தது. ஆக, பத்து வருடத்துக்கு முன் விலகிய பீரங்கி வீரர் பட்டியலில் 'பயிற்சி பெற்றவர்' என்று இருந்தாலும், இன்றைய பீரங்கி அணியில் அவர் புதிய ஆள்.

ஊர்க்காவல் படை: உள்நாட்டில் ஈடில்லாதது

ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்து எதிர்ப்பு இயக்கத்திலிருந்து கிளைத்து, 1949 ஏப்ரல் 1 அன்று முறையாக உருவானது யெம்மவேர்னெட். 1940 ஏப்ரல் 9 காலையில் நாடு சில மணி நேரத்தில் விழுந்ததை நேரில் பார்த்த தலைமுறை கட்டிய அமைப்பு. ராணுவத் தளபதியோடு சிவில் தலைவர் ஒருவரும் சேர்ந்து நடத்தும் இரட்டைத் தலைமை இன்றும் தொடர்கிறது. மொத்த உறுப்பினர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். ஆனால் செயலில் இருப்போர் மூன்றில் ஒரு பங்கு அளவே. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. செயலில் இருக்க ஆண்டுக்குக் குறைந்தது 24 மணி நேரச் சேவை வேண்டும். சம்பளம் கிடையாது, இழந்த கூலிக்கு ஈடு மட்டும் உண்டு. இன்று ராணியாக இருக்கும் மேரி, பட்டத்து இளவரசியாக இருந்தபோது 2008இல் இதில் சேர்ந்தவர்.

இவர்களின் உண்மையான பலம் ஊரறிவு. எந்தப் பாலத்தின் கீழ் சிறு சாலை ஓடுகிறது, எந்தக் கிடங்குக்குப் பின்வாசல் இருக்கிறது, துறைமுகச் சாவி யாரிடம் என்பது அங்கேயே வாழ்பவருக்குத் தெரியும். கடற்பிரிவின் சுமார் 30 கப்பல்கள் தேடுதல், மீட்பு, எண்ணெய்க் கசிவு அகற்றல் என்று ஆண்டு முழுவதும் கடலில் இருக்கின்றன. 2016க்குப் பிறகு ஜெர்மன் எல்லைச் சோதனையிலும், 2020இல் கொரோனா நேரத்தில் மிங்க் என்னும் ரோம விலங்குகளின் பண்ணைகளை அழித்தபோதும் அழைத்த குரலுக்கு வந்தவர்கள் இவர்கள்தான். 2025 செப்டம்பர் 22 இரவு ட்ரோன்களால் கோபன்ஹேகன் விமான நிலையம் சில மணி நேரம் மூடப்பட்டதைத் தொடர்ந்து, முக்கிய இடங்களின் காவலுக்கு முதலில் எட்டிய கையும் இதுவே. எஸ்பியர்க் துறைமுக வேலைக்கு வேறு யாரையும் தேட வேண்டாம்.

வெளிநாட்டில்? கொசோவோவிலும் ஆப்கானிஸ்தானிலும் டேனிஷ் முகாம்களுக்குக் காவலாக ஊர்க்காவல் வீரர்கள் போயிருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது: அவர்கள் ஊர்க்காவல் அமைப்பாகப் போகவில்லை. ராணுவத்தோடு தனி ஒப்பந்தம், சம்பளம், பணிப்படி, பணிக்கு முந்தைய பயிற்சி எல்லாம் பெற்றுத்தான் போனார்கள். முகாம் வாசலைக் காப்பது நிலையான வேலை. எல்லை தெரிந்தது, விதிகள் எழுத்தில் இருப்பவை. முப்பத்தைந்து, நாற்பது வயதில் வேலை, குடும்பம் என்று பக்குவப்பட்டவர் இரவு மூன்று மணிக்கு வாசலில் நின்று பதற்றப்படாமல் முடிவெடுப்பார். ஒரு ஊர்க்காவல் பிளட்டூன் (கம்பெனியின் சிறு பிரிவு) அங்கே போனால் முழுநேரக் காலாட்படைப் பிளட்டூன் ஒன்று சண்டைப் பணிக்கு விடுபடும். பால்டிக் நாடுகள் சோவியத்திலிருந்து விடுபட்டுத் தன்னார்வப் படைகளைக் கட்டியபோது அவர்களுக்குத் துணை நின்றதும் இந்த அமைப்பே. அதை நீண்ட தூர ரோந்துக்கோ கவசத் தாக்குதலுக்கோ அனுப்புவது மட்டும் தவறு. ஆண்டுக்கு 24 மணி நேரம் அதற்குப் போதாது.

11 மாத இளைஞர்: இதுவரை இல்லாத வாய்ப்பு

2004இல் வந்த நான்கு மாதக் கட்டாயச் சேவை என்பது ஏறக்குறைய 120 நாள். பின்லாந்தில் மிகக் குறைந்த கட்டாயச் சேவையே 165 நாள்; அதிகாரிகளுக்கும் சில நிபுணத்துவப் பணிகளுக்கும் 347 நாள். நான்கு மாதம் முடித்த டேனிஷ் இளைஞரை ரிசர்வ் என்று எண்ணிக்கையில் சேர்த்தது காகிதக் கணக்கு மட்டுமே. 2026 முதல் படிப்படியாக இது 11 மாதமாகிறது: ஐந்து மாதம் அடிப்படைப் பயிற்சி, ஆறு மாதம் படைப்பிரிவுக்குள் பணி. 2025 ஜூலை 1க்குப் பிறகு 18 வயதாகும் பெண்களும் ஆண்களைப் போலவே, யார் சேவைக்குப் போவது என்று முடிவுசெய்யும் குலுக்கலில் எண் எடுக்கிறார்கள். ஆண்டுக்கு சுமார் 4,700 ஆக இருந்த எண்ணிக்கையை 2033க்குள் 7,500 ஆக்குவது இலக்கு.

நாள் கணக்கில் டென்மார்க் பின்லாந்தின் மேல்வரம்பை நெருங்குகிறது. ஆனால் பின்லாந்தின் பலம் நாட்களில் மட்டும் இல்லை. அங்கே போர்க்காலப் படைக்கு எடுக்கப்பட்ட ரிசர்வ் வீரருக்கு எந்தப் பிரிவு, எந்த வேலை என்பது முன்பே குறிக்கப்பட்டிருக்கும். மறுபயிற்சிக்கு அழைப்பும் வரும். அந்த ஏற்பாடு இல்லாமல், இலக்கை எட்டிய பிறகு ஐந்து வருடம் போனால், டென்மார்க்கில் ஏறக்குறைய 37,500 இளைஞர்கள் வீட்டில் இருப்பார்கள். அழைத்தால் எந்தக் கிடங்கில் எந்தப் பூட்ஸை எடுப்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அதோடு, 7,500 பேருக்குப் பயிற்சி தரும் சார்ஜெண்டுகள் முழுநேரப் படையிலிருந்துதான் வரவேண்டும். அதே சார்ஜெண்டுகள்தான் லாட்வியாவுக்கும் தேவை.

அப்படியிருந்தும், காலாட்படைக் கம்பெனி என்ற நான்காவது வேலைக்கு நம்பக்கூடிய ஒரே ரிசர்வ் ஊற்று இதுதான். ஒரே பிரிவில் ஆறு மாதம் சேர்ந்து பணியாற்றியவர்களைச் சிதறவிடாமல், கம்பெனியாகவே பதிவில் வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓரிரு வாரம் அதே வாகனங்களோடு கூட்டினால், அணிதிரட்டலின்போது சில வாரங்களில் மீட்டெடுக்கலாம். தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்த்தால் அந்தச் சில வாரம் பல மாதமாகும்.

இரட்டைக் கணக்கு

மூன்று முறைக்கும் பொதுவான ஓட்டை ஒன்று. அந்த மயக்க மருத்துவர் ராணுவத்தின் ரிசர்வ் பட்டியலிலும் இருக்கிறார். பிராந்திய நிர்வாகத்தின் மருத்துவமனை நெருக்கடித் திட்டத்திலும் இருக்கிறார். ஒருவேளை ஊர்க்காவல் படை உறுப்பினரும்கூட. தீயணைப்பு வீரர், மின்வாரியத் தொழில்நுட்பர், லாரி ஓட்டுநர் எல்லோருக்கும் இதே நிலை. அமைதிக் காலத்தில் ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இது தெரியாது. நாடு முழுவதும் ஒரே இரவில் அழைப்புப் போகும்போதுதான் மூன்று இடத்தில் எண்ணப்பட்டவர் ஒரே இடத்தில் நிற்பார். பட்டியல்களை ஒப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் முதல் கடமை எது என்று முன்பே எழுதி வைப்பதே வழி. இது செலவே இல்லாத வேலை. தாமதிக்க எந்த நியாயமும் இல்லை.

முதலாளிகள் பக்கம், 1999இல் தொடங்கிய இன்டர்ஃபோர்ஸ் அமைப்பின் வழியாக நிறுவனங்கள் ஆதரவுக் கையெழுத்திடுகின்றன. பெரிய நிறுவனத்தில் ஒருவர் ஆறு மாதம் இல்லாவிட்டால் சமாளிப்பார்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் தச்சுப் பட்டறையில் ஒருவர் போனால் எட்டில் ஒரு பங்கு உற்பத்தி போகும். அங்கே நல்லெண்ணக் கையெழுத்து போதாது. பணமாகவே ஈடு கொடுக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகுள்ள வேறுபாட்டையும் ஒப்பீட்டில் சேர்க்காமல் விடக் கூடாது. முழுநேர வீரர் அதே படைமுகாமுக்கு, அதே தோழர்களிடம் திரும்புகிறார். ரிசர்வ் வீரர் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகிறார்; தூக்கமில்லாததைக் கவனிக்க அங்கே யாருக்கும் தெரியாது. பணி முடிந்து சுமார் ஆறு மாதத்தில் வரும் உளவியல் கேள்வித்தாளும், 2011இல் ரிங்ஸ்டெட்டில் தொடங்கிய படைவீரர் மையமும் அவருக்கும் உண்டு. ஆனால் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பச் சொல்லித் தோளைத் தட்டும் சார்ஜெண்ட் அவர் பக்கத்தில் இல்லை. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே, திரும்பிய பிறகு மூன்று மாதத்தில் ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை தன் பழைய பிரிவோடு சம்பளத்துடன் கூடும் நாட்களையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.