'ஃபாரின் ட்யூனர்' வாங்கப் போகிறவர்கள் பார்க்கவும்: ₹14,500 போச்சு

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பழைய ஆடியோ சாமான்களை ஆன்லைனில் விற்கும் ஒரு ஆளிடம் டிஜிட்டல் எஃப்எம்/ஏஎம் ட்யூனர் (ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கிற ரேடியோ செட்) ₹11,000, "அவுட்டோர் எஃப்எம் ஏரியல்" கேபிளோடு ₹3,500, ஆக மொத்தம் ₹14,500. முழுப் பணமும் முன்கூட்டியே. வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நம்ப வைத்தது ஒரு வீடியோ. அதில் 98.3 கணீரென்று பாடுகிறது. ஸ்டீரியோ விளக்கு எரிகிறது, சிக்னல் பட்டை முழுதாக நிற்கிறது. அடுத்து 93.5, அதுவும் சுத்தம். "ஏஎம்மும் பாருங்க சார்" என்று 720-இல் சென்னை வானொலியையும் வைத்துக் காட்டினான். மூன்றும் உண்மையாகவே வேலை செய்தன. ஏமாற்றே அந்த மூன்றைப் பொறுக்கி எடுத்ததில்தான் இருக்கிறது.

இது அமெரிக்காவுக்கென்று செய்த செட். அங்கே எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், கடைசி இலக்கம் ஒற்றைப்படையாகவே வரும். அதனால் இதன் பட்டனை அழுத்தினால் 101.3, அடுத்து நேராக 101.5. நடுவில் 101.4 ரெயின்போ கிடையாது. 106.4-உம் கிடையாது. பக்கத்து எண்ணில் நிறுத்தினால் நிலையம் கேட்கும், ஆனால் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் கிழியும், ஸ்டீரியோ விளக்கு மினுக்கும். ஏஎம்மிலும் இதே கதை: நம் ஊரில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அமெரிக்காவில் 10. 720 இரண்டாலும் வகுபடும், அதனால் கேட்டது. இரவில் திருச்சி 936-ஐத் தேடினால் 930 இருக்கிறது, 940 இருக்கிறது, 936 இல்லை. சில மாடல்களில் இதை மாற்றப் பின்பக்கம் ஸ்விட்ச் உண்டு. இதில் ஸ்விட்ச் வர வேண்டிய இடத்தில் வெறும் மூடி.

இன்னொன்றும் உண்டு. நிலையம் தூக்கி அனுப்புகிற உச்ச ஒலியை ரேடியோ திரும்பத் தணிப்பதற்கு டீ-எம்ஃபசிஸ் என்று பெயர். அங்கே அது 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. அதனால் பிடிக்கிற நிலையமும் உச்ச ஒலியில் (10 கிலோஹெர்ட்ஸ் பக்கம்) சுமார் 3 டெசிபெல் அடங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மந்தமாகக் கேட்கும்.

உயிருக்கே ஆபத்தான வேலை ஒன்றும் செய்திருக்கிறான். பழைய பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் மூன்று பின் பிளக் மாட்டி அனுப்பியிருக்கிறான். கரண்ட் வரும் வழியில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து (சீரிஸ் பல்பு) கொடுத்துப் பார்த்ததால் செட் பிழைத்தது. பல்பு அணையாமல் எரிந்துகொண்டே நின்றது, செட் கரண்டை அளவுக்கு மேல் இழுக்கிறது என்று அர்த்தம். பின்பக்கம் ஒட்டியிருந்த 'டெஸ்ட்டட் ஓகே' ஸ்டிக்கரை உரித்தால் அடியில் '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்'. நேரடியாக 230-இல் சொருகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயே புகைந்திருக்கும். வீடியோ எடுக்கும்போது கண்ணில் படாத இடத்தில் 230-ஐ 120 ஆகக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்திருக்கிறான், வேறு வழியே இல்லை.

ஏரியல் கதை தனி. வந்தது பழைய யுஹெச்எஃப் டிவி ஏரியல், பெயின்ட் அடித்தது. அதன் நீளமான குழாயே ஒரு அடிதான். 98 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் (இரண்டு கை உள்ள சாதாரண ஏரியல்) என்றால் 143-ஐ 98-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 1.46 மீட்டர், ஒரு கைக்கு 73 சென்டிமீட்டர். ஒரு அடிக் குழாயை எவ்வளவு உயரத்தில் ஏற்றினாலும் எஃப்எம்முக்கு அது ஏரியல் ஆகாது. கேபிளோ, நடுக்கம்பியைச் சுற்றி வர வேண்டிய கம்பிப் பின்னல் இருக்கிற மாதிரி ஒரு பாவனை. கேபிள் முனையிலுள்ள எஃப் கனெக்டருக்குள் பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டு ஷார்ட். ஏஎம் லூப் (ஏஎம்முக்கான வளைய ஏரியல்) வீடியோவின் ஓரத்தில் தெரிகிறது, பார்சலில் இல்லை. அது இல்லாமல் ஏஎம் டெர்மினலில் வெறும் வயரைச் சொருகினால் போதாது. பல செட்களில் அந்த லூப்பே ட்யூனிங் சர்க்யூட்டின் பாகம்.

கேட்டதற்கு வந்த பதில்கள்: "உங்க ஏரியா சிக்னல் வீக் சார்." "பில்டிங் மறைக்குது, பூஸ்டர் போடுங்க, என்கிட்டயே இருக்கு, ₹1,200." டவருக்குப் பக்கத்தில் பூஸ்டர் போட்டால் ட்யூனர் திணறி ஒரே நிலையம் நாலு இடத்தில் கேட்கும், அது வேறு விஷயம். லூப் எங்கே என்றால், "அது டெஸ்டிங் பீஸ் ப்ரோ." பணம் கைமாறியதும் சார் ப்ரோ ஆகிவிட்டார். 101.4 ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "விண்டேஜ் ஐட்டம் ப்ரோ, அப்படித்தான் இருக்கும், சேல் ஃபைனல்." அதற்குப் பிறகு நீல டிக் மட்டும். விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தால், "பொருள் டெலிவரி ஆகிவிட்டது" என்று மூடிவிட்டார்கள். ₹14,500.

விலாவாரியாக எழுதப் பொறுமை இல்லை. வீடியோ கேட்டால் 101.4-உம் 936-உம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்க லேபிளை ஸ்டிக்கர் இல்லாமல் படம் கேளுங்கள். டயல் 76-இலிருந்து 90 வரை என்றால் ஜப்பான் செட், தொடவே வேண்டாம். ஏரியலை டேப் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். கேபிளை இரு முனையும் கழற்றி, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் மல்டிமீட்டர் வையுங்கள், பீப் வந்தால் ஷார்ட். சீரிஸ் பல்பு இல்லாமல் முதல் தடவை கரண்ட் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கேட்கிறவனுக்கு ₹14,500 இல்லை, ₹145 கூட அனுப்பாதீர்கள்.