டி.எச். ரோடு பட்டறையில் என் பழைய டர்போ கார்

என்னுடைய 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரில் மூன்று மாதங்களாகத் தொல்லை இருந்தது. 3,000 ஆர்பிஎம் தாண்டினால் பிக்கப் படுத்துவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் பானெட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று காற்றுச் சத்தம் வரும். சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்கி ஆடும். முதலில் காட்டிய பட்டறையில் ஸ்கேன் போட்டு, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி) தரும் அழுத்தம் குறைவு என்று திரையில் வந்ததைப் பார்த்த உடனேயே, டர்போவை மாற்ற வேண்டும், 90,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

மனம் ஒப்பாமல், நண்பர் சொல்லி நான் போனது சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பிரியும் சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் பட்டறை. அதை நடத்தும் பாய் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டார். "டர்போவ அப்புறம் பாக்கலாம் சார், மொதல்ல காத்து எங்க போவுதுன்னு கண்டுபிடிப்போம்" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

டர்போவின் வாய்க்குழாயைக் கழற்றி, விசிறித் தண்டை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் துளி அசைவு இருந்தது. எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் தண்டுக்கு அது இயல்பு. முன்னும் பின்னும் அசைவில்லை, இறக்கைகள் கூட்டில் உரசிய தடமும் இல்லை. பிறகு காற்று உள்ளே போகும் வழியை அடைத்துக் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்தி, டார்ச் அடித்துக் காத்திருந்தோம். எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கைகூட நுழையாத இடத்தில், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸின் வளைவிலிருந்து மெல்லிய புகை எழும்பியது. இருபது ஆண்டு எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர், பாய் தொட்டதும் பிஸ்கட் போல் நொறுங்கியது. ஏர் ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று அந்த விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்பட்டதால்தான் ஐடிலிங் ஆடியிருக்கிறது.

பிக்கப் போனதற்குக் காரணம் டைவர்டர் வால்வு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் திறந்து, தேங்கிய அழுத்தத்தை டர்போவின் முன்பக்கத்துக்கே திருப்பிவிட வேண்டியது அது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால், மிதிக்கும்போதும் காற்றை விட்டுவிடும். பாய் அதைக் கழற்றி என் கையில் கொடுத்து, பிஸ்டனை உள்ளே தள்ளி, வேக்குவம் துளையைக் கட்டைவிரலால் மூடி, பிஸ்டனை விடச் சொன்னார். நல்ல வால்வு என்றால் பிஸ்டன் அப்படியே நிற்கும். என்னுடையது விட்ட நொடியில் வெளியே வந்துவிட்டது. 90,000 ரூபாய்ச் செலவு சொல்லப்பட்ட வண்டியின் நோய் உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சாமான்தான் என்று நம்பவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஹோஸ் கிடைக்குமே என்று கேட்டேன். அதுவும் இதே வயதுள்ள ரப்பர்தான் என்று மறுத்து, புதியதையே வரவழைத்தார். கடற்காற்றில் துருப்பிடித்திருந்த கிளிப்புகளையும் மாற்றினார். சாமான், கூலி எல்லாம் சேர்த்து 16,400 ரூபாய் ஆயிற்று. கண்டெய்னர் லாரிகள் நெருங்குவதற்கு முன், விடியற்காலையில் எண்ணூர் விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரில் வண்டி பழையபடி முதுகை இருக்கையோடு அழுத்தியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாமான் வர ஒன்பது நாள் ஆனது; நாமே கேட்டால்தான் தகவல் கிடைக்கும். பில் துண்டுச் சீட்டில் கையால் எழுதியது. கூரை பாதி இடத்துக்குத்தான் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் எஞ்சினைத் திறந்துபோட்டு வேலை செய்ய அங்கே வசதியில்லை.

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் எக்ஸாஸ்ட் சூட்டுக்கு அருகில் செல்வதால், அதனுள் எண்ணெய் கருகிப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் உண்மையிலேயே டர்போ போய்விடும். அதை மாற்றுவதற்காக அடுத்த மாதம் இதே பட்டறையில் வண்டியை விடுகிறேன். அதுவரை முழு சிந்தெடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும், வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிடமாவது ஐடிலில் விட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார்.