எல்பி அட்டையில் இருப்பது என்ன எழுத்துரு? வாட்தஃபான்ட், ஐடென்டிஃபான்ட்: நீண்ட நாள் பயன்பாட்டில்

பழைய எல்பி இசைத்தட்டின் அட்டைப் படத்தைக் கொடுத்தால், எழுத்துருவை அடையாளம் காட்டும் இணையக் கருவியான வாட்தஃபான்ட் சில நொடிகளில் அதன் பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1960களின் அட்டை எழுத்துகள் ஈய அச்சிலோ, ஃபோட்டோ டைப்செட்டிங்கிலோ (ஒளிப்பட முறையில் எழுத்துக் கோப்பது), லெட்ராசெட் என்ற எழுத்து ஒட்டும் தாளைத் தேய்த்தோ வந்தவை. கருவி காட்டுவது அவற்றின் பிற்கால டிஜிட்டல் நகலை.

ஹெல்வெட்டிகா எழுத்துரு போலத் தெரிவதற்கு 'ஸ்விஸ் 721' என்று பதில் வந்தால் அது தவறில்லை. பிட்ஸ்ட்ரீம் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட ஹெல்வெட்டிகா நகல் அது. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை, பெயரை வணிகக்குறியாகக் காக்கலாம். அதனால்தான் பிட்ஸ்ட்ரீமில் யூனிவர்ஸ் எழுத்துருவின் நகலுக்குப் பெயர் 'ஸூரிக்', ஆப்டிமாவின் நகலுக்கு 'ஸாப்ஃப் ஹ்யூமனிஸ்ட் 601'. ஏரியல் வேறு கதை. அது 1982இல் வந்தது. 1970களின் அச்சு என்று சொல்லப்படும் அட்டையில் ஏரியல் இருந்தால் அது பிந்தைய அச்சுதான். பெரிய எழுத்து 'ஜி'யின் வலது கீழ் மூலையைப் பாருங்கள்: ஹெல்வெட்டிகாவில் சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும், ஏரியலில் இருக்காது. 'சி'யின் முனைகள் ஹெல்வெட்டிகாவில் கிடைமட்டமாகவும் ஏரியலில் சாய்வாகவும் வெட்டுப்பட்டிருக்கும்.

பாதித் தவறுகள் படத்தால்தான் வருகின்றன. அட்டையின் அகலம் சுமார் 31 செ.மீ. இணையத்தில் கிடைக்கும் 600 பிக்சல் படத்தில் 1 செ.மீ. உயர எழுத்துக்கு 19 பிக்சல்தான் தேறும். முள்ளும் முனையும் அதில் கரைந்துபோகும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் அதே எழுத்துக்கு 236 பிக்சல். புகைப்படத்தின் மேல் அச்சான எழுத்தில் அச்சுப்புள்ளிகள் ஓரத்தை ரம்பம் போலாக்கும். 2 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக்கோடு போட்டுப் பிரியுங்கள். இல்லாவிட்டால் கருவி இரண்டை ஒன்றாகப் படித்துவிடலாம். அட்டை மிகவும் தேய்ந்திருந்தால் ஐடென்டிஃபான்ட் இணையதளம்தான் மேல். 'க்யூ'வின் வால் எப்படி என்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டு வடிகட்டும், படமே வேண்டாம்.

கிடைத்த பெயரைச் சரிபார்க்க, அந்த எழுத்துருவில் அதே சொல்லைத் தட்டி, சிவப்பில், 50% ஒளிபுகுதலோடு ஸ்கேனின் மேல் வையுங்கள். பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) அட்டையில் இருப்பது 1922ஆம் ஆண்டின் கூப்பர் பிளாக். அதற்கே பல நிறுவனங்களின் டிஜிட்டல் நகல்கள் உண்டு. சொல்லை மொத்தமாகப் பொருத்தப் பார்த்தால் எதுவும் ஒத்துவராது, ஏனென்றால் அந்தக் காலத்தில் இடைவெளியைக் கையால் நெருக்கினார்கள். ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி ஒப்பிடுங்கள். கோட்டின் தடிமனை வைத்து முடிவு செய்யாதீர்கள். மை பரவி எல்லாமே கொஞ்சம் தடித்திருக்கும்.

ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் அது எழுத்துருவே அல்ல, கையால் வரைந்ததாக இருக்கலாம். பீட்டில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்' (1965) எழுத்தை ஓவியர் சார்லஸ் ஃப்ரண்ட் வரைந்தார். அட்டையில் இருப்பது இரண்டே சொல். அதைப் பார்த்துச் செய்த எழுத்துருக்களில் மீதி எழுத்துகளெல்லாம் பின்னால் செய்தவர்களின் ஊகம்.