ஒயிட் பேட்ஜா, டேகுக்கியா?

போர் முடிஞ்சும் சிப்பாய் மனசுல அது முடியாம ஓடிட்டே இருக்கறத சொல்ற கொரியப் படம் வேணும்னா இந்த ரெண்டுதான் எனக்கு முதல்ல தோணும். டேகுக்கி (2004) 1950 கொரியப் போர், அண்ணன் தம்பி பாசம், சண்டைக் காட்சியெல்லாம் மிரட்டி எடுத்துருக்காங்க, ஆனா உயிரோட மிஞ்சின தம்பி கிழவனா வந்து போர்ல செத்தவங்க எலும்பைத் தோண்டி எடுக்கற இடத்துல நிக்கறது ஆரம்பத்துலயும் கடைசியிலயும்தான், நடுவுல முழுக்க யுத்தம்.

ஒயிட் பேட்ஜ் (1992) வேற மாதிரி. வியட்நாம் போருக்குப் போய்ட்டு வந்த எழுத்தாளன் 1979 சியோல்ல அந்தப் போரைப் பத்தி தொடர்கதை எழுதறான், கூட சண்டை போட்டவன் திடீர்னு போன் பண்றான், துப்பாக்கி அனுப்புறான், போன் பண்ணவனுக்கு மனசு சிதறிப்போச்சுன்னு நமக்கே மெதுவாதான் புரியுது. எழுத்தாளனா வர்ற ஆன் சங்-கி நடிப்பு அபாரம். டோக்கியோ திரைப்பட விழால சிறந்த படம் விருது சும்மா குடுக்கல. அழணும்னா டேகுக்கி, ஆனா ஒண்ணுதான் பாப்பேன்னா கண்டிப்பா ஒயிட் பேட்ஜ் பாருங்க.