போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்: சென்னைக் காடுகளில் சில வருட அனுபவம்

பூச்சி, காளான் மாதிரிச் சின்னப் பொருள்களைக் கிட்டே போய்ப் பெரிதாகப் படம் எடுக்க, போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், பெட்டியில் என்ன எண் போட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். 15எக்ஸ், 20எக்ஸ், அதாவது 15 மடங்கு, 20 மடங்கு பெரிதாக்கும் என்றால் வேண்டாம். 5எக்ஸ் என்றால் தாராளமாக வாங்கலாம்.

என்னிடம் இருப்பது ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்த ஒரு செட். 5, 10, 15 என்று மூன்று லென்ஸ், ஒரு கிளிப், ஒரு துணிப்பை. கிண்டி சிறுவர் பூங்கா ஓரம், அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் மரத்தடிகள், இயற்கை ஆர்வலர்களோடு அனுமதி வாங்கிப் போகும் நன்மங்கலம் காப்புக்காடு, இது எதற்கும் நேரமில்லாத வாரத்தில் எங்கள் மொட்டை மாடித் தொட்டிகள் என்று சில வருடங்களாக அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். 5எக்ஸ் தினமும் உழைக்கிறது. 10எக்ஸ் எப்போதாவது. 15எக்ஸ் பெட்டியை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

சென்னையில் காடு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். களாவும் காரையும் காட்டு எலுமிச்சையும் பின்னிக் கிடக்கும் புதர்க்காடு. கடலோரத்துக்கே உரிய, பச்சை மாறாத வறண்ட காட்டு வகையில் மிச்சமிருக்கும் துண்டுகளில் ஒன்று. உட்பகுதிக்குள் நினைத்தபடி போய்விட முடியாது. மானைப் பார்க்க வந்தவருக்கு அது குறைதான். எறும்பைப் பார்க்க வந்தவளுக்கு வேலி ஓரத்து நாலடி புதரே காலை முழுக்கப் போதும்.

சரி, 5எக்ஸ் கதைக்கு வருகிறேன். 250ஐ அந்த எண்ணால் வகுத்தால், லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும் என்பது உத்தேசமாகத் தெரிந்துவிடும். 5எக்ஸ் என்றால் 50 மி.மீ. 10எக்ஸ் என்றால் 25. 15எக்ஸ் என்றால் 17க்கும் கீழே, அதாவது விரல் அகலம். அவ்வளவு கிட்டே போனை நீட்டினால் முதலில் போனின் நிழல் பூச்சி மேல் விழும், அடுத்து பூச்சி பறக்கும். பறக்காமல் இருந்தாலும் தொல்லைதான். ஃபோகஸ் ஆகும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் கால் கலங்கும், காலுக்கு வைத்தால் கண் கலங்கும். நாம் மூச்சு விட்டால் இரண்டும் கலங்கும். கடைக்காரர்கள் பெரிய எண்ணை விற்கிறார்கள். களத்தில் நமக்கு வேண்டியது இடைவெளி.

இதை எனக்குப் புரியவைத்தவை முசுறு எறும்புகள். உயிரோடிருக்கும் இலைகளை இழுத்துச் சேர்த்து, தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, அவை சுரக்கும் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும் சிவந்த எறும்புகள். மாமரம், புங்கமரம் எங்கும் இருக்கும். அந்தக் கூட்டுக்கு 25 மி.மீ. தூரத்தில் கையை வைத்துக்கொண்டு படம் எடுக்க முயல்பவருக்குக் கடியும் கிடைக்கும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலமும் கிடைக்கும். 50 மி.மீ. தூரத்தில் இருந்தாலும் வரத்தான் செய்யும், ஆனால் நான்கைந்து கிளிக் அடிக்க அவகாசம் உண்டு.

அப்படி எடுத்த படம் ஒன்றில்தான் ஒரு 'எறும்பு' இடறியது. நிறம் அதேதான், இடுப்பும் அதே மாதிரி ஒடுங்கித்தான் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தில் ஹெட்லைட் மாதிரி இரண்டு பெரிய கண்கள். கால்களை எண்ணினேன், எட்டு. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு, முசுறு நடுவே முசுறாக நடமாடும் குதிக்கும் சிலந்தி அது. ஆண் சிலந்தி இன்னும் வேடிக்கை. அதன் தாடை முன்னால் அவ்வளவு தூரம் நீண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதாகவே தோன்றும். வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: இலையை லேசாக அசைத்துப் பாருங்கள். எறும்பு விழுந்தால் அப்படியே விழும். இது நூல் விட்டுக்கொண்டு இறங்கும். எறும்புகளைத் தின்னத்தான் இந்த வேஷம் என்று தோன்றும், அப்படி இல்லை. முசுறு கூட்டத்தை மற்ற வேட்டைப் பிராணிகள் நெருங்காது என்பதால் அந்தப் பயத்தின் நிழலில் இது ஒதுங்கிப் பிழைக்கிறது. அது தெரிந்த பிறகு எந்த முசுறு வரிசையையும் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்காமல் தாண்டுவதில்லை.

தரையில் குந்திக்கொண்டு படம் எடுப்பதில் சில உபரி வருமானங்களும் உண்டு. ஒரு வளாகத்துக் காவலாளி என் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, கம்மல் ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார்.

"இல்லண்ணே, எறும்பு படம் எடுக்கறேன்."

"எறும்பா? எங்க வீட்டு சக்கர டப்பாவுல நிறைய இருக்கு, வந்து எடுத்துக்கோ."

சிரித்துவிட்டு அவரே என்னை அழைத்துப்போய்த் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் கொட்டகை நிழலில் இருந்த பொடிமணலைக் காட்டினார். மண் முழுக்கப் புனல் புனலாகக் குழிகள். குழியானை! ஊரில் பள்ளிக்கூடத்துத் திண்ணையோரம் பார்த்தது. அவர் ஓர் ஈர்க்குச்சியால் குழியின் சரிவைச் சுரண்ட, அடியிலிருந்து மணல் பீச்சியடித்தது. எறும்பு விழுந்துவிட்டது என்று நினைத்து, அது ஏறி ஓடாமல் இருக்க உள்ளே இருக்கும் புழு மணலை வாரி எறிகிறது. இந்தப் புழு வளர்ந்து இறக்கை முளைத்தால் தட்டான் போல ஒரு மெலிந்த பூச்சியாகிவிடும். புழுவாக இருக்கும் காலம் முழுக்க அது கழிவே வெளியேற்றாது, எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவைத்துப் பெரிதான பிறகே வெளியே தள்ளும் என்பதைச் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. படத்தைப் பொறுத்தவரை இங்கும் 5எக்ஸ்தான். 10எக்ஸை மாட்டினால் குழியின் வாயையே போன் மூடிவிடும், உள்ளே வெளிச்சம் இறங்காது. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் மணல் துகள்கள் தனித்தனியாகத் தெரியும் படம் ஒன்று கிடைத்தது. இரண்டு தாடை முனைகள் மட்டும் மணலுக்கு வெளியே.

வெளிச்சம் என்றதும் ஒன்று. லென்ஸுக்குக் கொடுத்த பணத்தைவிட அதிகப் பலன் தந்தது ஓட்டலில் பார்சல் சாம்பார் வரும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவின் மூடி. நடுவில் ஓட்டை போட்டு லென்ஸைச் சுற்றிச் செருகிவிடுங்கள். நம்மூர் வெயில் எட்டு மணிக்கே சுட்டெரிக்கும். வண்டுகளின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டும் மீதி எல்லாம் கறுப்புமாகத்தான் படம் விழும். மூடி வெயிலை வடிகட்டி, வழவழப்பான முதுகின் நிறத்தை வெளியே கொண்டுவரும். கழுவிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எறும்புகள் தானாகவே படம் எடுக்க வந்துவிடும்.

போன் செட்டிங்கிலும் ஒரு வேலை இருக்கிறது. இப்போதைய போன்களில் இரண்டு மூன்று கேமரா. பொருளுக்குக் கிட்டே போனதும் போன் தானாகவே அல்ட்ரா வைடு என்ற அகலக் கோணக் கேமராவுக்குத் தாவும். நாம் லென்ஸ் மாட்டியிருப்பதோ மெயின் கேமரா மேல். இந்தத் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு, ஃபோகஸைப் பூட்டிவிட்டு, கையையே முன்னும் பின்னும் நகர்த்தித் தொடர் கிளிக் அடிப்பதுதான் முறை. ஐபோன் 13 ப்ரோவில் 2021ல் வந்த 2 சென்டிமீட்டர் மேக்ரோ போன்ற வசதி உங்கள் போனில் இருந்தால் காளானுக்கும் பூவுக்கும் இந்த லென்ஸே தேவையில்லை. மலிவு போன்களில் எண்ணிக்கைக்காக ஒட்டிவைக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது அலங்காரம்.

முதல் மழை விட்டதும் வெளியே வரும் தம்பலப்பூச்சிக்குத் தனிக் கவனம் தேவை. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்துவிட்டு, ஈரம் பட்டதும் சிவப்பு வெல்வெட் துணுக்காக ஊர்ந்து வரும். பூச்சி என்கிறோமே தவிர அதற்கும் எட்டுக் கால், சிலந்தி வம்சம். அந்தச் சிவப்பு போன் கேமராவுக்கு ஒத்துக்கொள்ளாது. முடிகளெல்லாம் மறைந்து ஒரே சிவப்புக் கறையாக விழும். வெளிச்ச அளவைக் கையால் நன்றாகக் குறைத்துவிட்டு எடுங்கள். படம் திரையில் இருட்டாகத் தெரியும்போதுதான் ரோமம் ரோமமாக எழும்பி வரும்.

வடகிழக்குப் பருவமழை மாதங்கள் காளானுக்கு. 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரம் முழுக்கச் சாய்த்த மரங்களில், அப்புறப்படுத்தாமல் விட்ட கட்டைகள் சில இடங்களில் மக்கிக் கிடந்தன. அந்த மாதிரிக் கட்டைகளிலும் சுள்ளிகளிலும் பறவைக்கூடு காளானைத் தேடுங்கள். சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம், உள்ளே முட்டை முட்டையாக வித்துப் பொதிகள். மழைத்துளி கிண்ணத்துக்குள் விழுந்த வேகத்தில் அந்த 'முட்டைகள்' ஒரு மீட்டர் தூரம் வரைகூடத் தெறித்துப்போகும். ஓடிப்போகாத பொருள் என்பதால் 10எக்ஸ் லென்ஸுக்கும் வேலை கிடைக்கும் ஒரே இடம் இதுதான்.

அரளிச் செடியில் தொங்கும் வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளக்கும். அதில் சாயம் எதுவும் கிடையாது. மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் மினுக்கு. எப்படி எடுத்தாலும் படத்தில் என் போனும் சாம்பார் மூடியும் வளைந்து தெரிகின்றன. பக்கவாட்டில் இருந்து எடுத்தால் கொஞ்சம் தப்பலாம்.

நீண்ட நாள் உழைப்பு எப்படி? கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளிப்தான் பலவீனம். கடல் காற்றில் அதன் ஸ்பிரிங் துருப்பிடித்து, ரப்பர் பேட் கழன்று, மாட்டிய லென்ஸ் நடுவில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. இந்த வகை லென்ஸ்களில் பலவற்றுக்கு 17 மி.மீ. மரைதான் என்பதால் வேறு கிளிப் தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டேன். கேமரா பகுதி துருத்திக்கொண்டிருக்கும் போன் என்றால் கிளிப்பைவிட அதே மரை வைத்த போன் கவர் நல்லது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பத்து, பதினைந்து நிமிடம் பையிலேயே இருக்கட்டும். அப்புறம் பூஞ்சை. காட்டில் தேடிப் போகும் பூஞ்சை கண்ணாடிக்கு நடுவே வளர்ந்தால் யாரும் ரசிப்பதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன்.

இலையைக் கிள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து வசதியாகப் படம் எடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கி எடுப்பவர்களும் உண்டு. படம் அழகாக வரும், எனக்குப் பிடிக்காது. தேசியப் பூங்காவுக்குள் இலையைக் கிள்ளுவதற்கே சட்டம் இடம் தராது. கேமரா விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

பெயர் கண்டுபிடிக்க ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுகிறேன். அங்கே அழகான முகப் படம் மட்டும் உதவாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உட்கார்ந்திருந்த செடியை ஒன்று என்று எடுத்துக்கொண்டு வாருங்கள். செடி எது என்று தெரிந்தால் புழு எது என்பது பாதி தெரிந்த மாதிரி.

பறவை, தட்டான், உயரக் கிளையில் இருக்கும் எதுவும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த லென்ஸ் ஆகாது. முட்டி வலி இருப்பவர்கள் கூடவே ஒரு சின்ன ரப்பர் பாயும் வாங்கிக்கொள்வது நல்லது. மற்றவர்கள் 5எக்ஸ் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். செட்டாகத்தான் தருவோம் என்றால் விலையை அந்த ஒரு லென்ஸுக்கு உரியதாகக் கணக்குப் போட்டுப் பேரம் பேசுங்கள்.